பின்னால் நின்று கூப்பிடவும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேனர்.

ஆன்லைனில் மின்சாமான் விற்கும் கம்பெனி அது. வாங்கிய பொருள் ஓடவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறவர்கள், ஓடாததை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அது நிஜமா நாடகமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. நிஜமென்றால் பச்சைப் பொத்தான், நாடகமென்றால் சிவப்பு. சிவப்பை அமுக்குவதில் அவளை மிஞ்ச அந்தத் தளத்தில் ஆள் கிடையாது.

ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை என்று ஒருவர் அனுப்பியிருந்தார். வீடியோவில் ஒலியை முழுக்க நீக்கிவிட்டு, முகத்தையும் துக்க வீட்டுக்கு வந்தவர்போல வைத்திருந்தார். எல்லாம் சரி, கால் கட்டைவிரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு. டிவி திரை தானாகவே விரிசல் விட்டதென்று கண்கலங்கிய ஓர் அம்மாளின் பின்னால், சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு பந்து எட்டிப் பார்த்தது. அதுவும் சிவப்பு.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பாள். "அவங்க காட்டறதைப் பாக்காதீங்க. மறைக்க மறந்ததைப் பாருங்க." டீம் லீடர் இதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்.

இப்பேர்ப்பட்டவள், தானே ஒரு ரீஃபண்டுக்காகப் போராட வேண்டி வந்தது. அதுவும் மாமனாரின் காதுக்காக.

மாமனார் ஓர் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அவர் இருந்தவரை அங்கே விளக்கு அணைந்ததில்லை என்பார்கள். அணைந்தது அவருடைய காதுதான். ஓய்வு பெற்று வந்தபோது பாதி போயிருந்தது, வீட்டில் உட்கார்ந்ததும் மீதியும் போயிற்று. தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்காது என்று நினைத்துக்கொள்வாரோ என்னவோ, தண்ணீர் கேட்பதைக்கூட தெருவில் நின்று ஆளைக் கூப்பிடுவதுபோலத்தான் கேட்பார். டிவியில் செய்தி ஓடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே மாடியேறி வந்துவிட்டாள். உங்க வீட்டு நியூஸைக் கேட்டுக் கேட்டு ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்துவிட்டேன், இதற்கு யார் பதில் சொல்வது என்றாள்.

ஆனால் காது கேட்காதவர் இருக்கிற வீட்டில் ஒரு வசதியும் உண்டு. ரகசியம் பேசக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அவளோ ஒருபடி மேலே போய், அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கி வைத்திருந்தாள். முகத்தில் தேன் ஒழுகச் சிரிப்பு, வாயில் வேப்பெண்ணெய். மாமனாரின் தட்டில் குனிந்து பரிமாறியபடி, "நல்லாக் கொட்டிக்கங்க மாமா, மளிகைக்காரர் நமக்குத் தாய்மாமன்தானே" என்பாள். அவர் முகமெல்லாம் மலர்ந்து, "போதும்மா, நீ முதல்ல சாப்பிடு" என்று கத்துவார். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த கணவன், தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பான்.

மனசில் வஞ்சம் ஒன்றும் கிடையாது, சும்மா ஒரு தமாஷ் என்று அவள் தன்னிடமே சொல்லியிருக்கிறாள்.

தையல்காரம்மாவின் படையெடுப்புக்குப் பிறகுதான் காது மெஷின் வாங்குவது என்று முடிவாயிற்று. டாக்டரிடம் போனால் சொன்ன விலையில் இவர்களுக்கே காது அடைத்துவிட்டது. ஆன்லைனில் வேறொரு கடையில் நல்லதாக, மலிவாக ஒன்று இருந்தது. கடுகு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே மரவட்டைபோலச் சுருண்டுகிடந்த கருவி, அதன் முதுகில் ஒரு பச்சை விளக்கு.

வந்த அன்று மாலை வீடே கல்யாண வீடாகத்தான் இருந்தது. மாமனார் கருவியை மாட்டியதும் முதலில் மேலே பார்த்தார். மின்விசிறி இவ்வளவு முனகுகிறதே, எண்ணெய் விட மாட்டீர்களா என்றார். கீழ்வீட்டுத் தையல் மெஷின் ஓடுகிறது என்றார். செருப்பில்லாமல் நடந்த தன் காலடிச் சத்தத்தைக் கேட்க, கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டிவியின் சத்தம் வெகுகாலத்துக்குப் பிறகு மனிதர் வீட்டுச் சத்தமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நின்னுபோச்சும்மா" என்றார்.

விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை என்றார். தன் காதில் மாட்டிப் பார்க்க அவளுக்கு அருவருப்பு. கணவன் மாட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாமே கேக்குது. இதால கேக்குதா, இது இல்லாமலே கேக்குதான்னு எப்படிச் சொல்றது?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டான். புகார் கொடுத்தார்கள். அந்தக் கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் மாற்றுக் கருவி அனுப்பினார்கள். அது வந்த நாள் முதலே ஊமை. மாமனார் தலையை ஆட்டிவிட்டார்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தத் தொழிலின் உள்குத்து வெளிக்குத்து எல்லாம் தெரிந்தவளையே ஏமாற்றப் பார்க்கிறார்களா? ரீஃபண்ட் வாங்கியே தீருவது என்று இறங்கினாள். அவர்கள் தினமும் போட்டுச் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். தினமும் காலையில், "போட்டுக்கங்க மாமா, போட்டாத்தான் தெரியும்" என்று சைகை காட்டி அவர் காதில் தானே மாட்டிவிட்டாள். சாயங்காலம் வந்து, கேட்டதா என்று சைகையில் கேட்பாள். அவர் உதட்டைப் பிதுக்குவார்.

ஃபோனில் அந்தக் கடையின் உதவி மையத்தைக் கூப்பிட்டு அவள் பேசிய பேச்சை, மற்றவர்கள் பேசியிருந்தால் அவளே சிவப்பு அமுக்கியிருப்பாள். குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "வயசானவர் சார். கண்ணை மூடறதுக்குள்ள வீட்டு மனுஷங்க வாயால நாலு நல்ல வார்த்தை கேக்கணும்னு ஆசைப்படறார்" என்றாள். எதிர்முனையில் இருந்தவர் உருகிப்போய் மேலதிகாரிக்கு அனுப்புகிறேன் என்றார். ஃபோனை வைத்துவிட்டு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவர் பேப்பரைப் புரட்டினார்.

கடைசியில் கடைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். கருவியை மாட்டியவரின் முகமும் பச்சை விளக்கும் தெரிய வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று கூப்பிடவும். நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக, குறித்த கெடுவுக்குள் அனுப்பவும். கேட்கவில்லை என்று நிரூபணமானால் பணம் திரும்பும். கெடு தவறினால் புகார் தானாக முடிந்துவிடும்.

கெடுவின் கடைசி நாள் காலையில்தான் அவர்களுக்கு நேரம் வாய்த்தது. மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து, கணவன் எதிரே கொஞ்சம் பக்கவாட்டில் நின்று அவள் ஃபோனைப் பிடித்தான். அவள் பின்னால் போய் நின்று, முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் உரக்க, கடைசியில் கீழ்வீட்டில் ஊசி முறிகிற அளவுக்கு, "மாமா" என்று கூப்பிட்டாள். கைதட்டினாள். மாமனார் அசையவில்லை. முதல் தடவையிலேயே அருமையாக வந்துவிட்டது என்று கணவன் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பிவிடலாம் என்று ஃபோனை எடுத்தாள். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது தொழில் பழக்கம். காதுக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

முகம் தெரிகிறது. விளக்கு எரிகிறது. வெட்டு இல்லை. அவள் கூப்பிடுகிறாள், அவர் கற்சிலைபோல இருக்கிறார்.

கற்சிலைபோல என்பதுதான் முதலில் உறுத்தியது. காது கேட்காதவர்கள் வீடியோவுக்கு உட்கார்ந்தால் இப்படியா இருப்பார்கள்? ஆரம்பித்தாயிற்றா என்று கண்ணால் கேட்பார்கள். பின்னால் என்ன நடக்கிறதென்று திரும்பிப் பார்ப்பார்கள். இவரோ மூச்சைக்கூட அளந்து விடுகிறார்.

வீடியோவின் கடைசியில், கூப்பிட்டு முடித்த பிறகு, கணவன் ஃபோனை அணைக்கும் முன், அவளே என்னவோ முணுமுணுத்தது பதிவாகியிருந்தது. ஒலியைக் கூட்டினால்தான் கேட்டது. "பாலை அடுப்புல வெச்சேன், பொங்கிடப்போகுது."

அந்த நொடியில் மாமனாரின் கண்கள் அடுக்களைப் பக்கம் போயின. நாற்காலிக் கையைப் பிடித்து எழப்போனார். பிறகு நினைவு வந்தவராக, மறுபடி கற்சிலையானார்.

அவள் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். பால். கண்கள். கை. மறுபடி ஓட்டினாள். சந்தேகமே இல்லை.

"பிடிச்சுட்டேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பக்கத்து இருக்கைப் பெண் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாரைக்கா?"

"ஒரு பெரியவரை."

"அப்ப சிவப்பா?"

முதலில் வந்தது கோபம். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு நாடகமா? தன்னை எத்தனை அலைச்சல் அலைய விட்டார்? பிறகு, வழக்கம்போல, இதில் அவருக்கு என்ன லாபம் என்று யோசித்தாள். லாபமில்லாத பொய்யை அவள் பார்த்ததில்லை. மிக்ஸிக்காகப் பொய் சொல்கிறவனுக்கு மிக்ஸியின் பணம் லாபம். இந்த மனிதருக்கோ பொய் சொன்னால் இருக்கிற காதும் போகிறது. யாராவது காசு கொடுத்துச் செவிடாவார்களா?

முதல் நாள் கேட்டது. கூடத்தில் நடந்து பார்த்தாரே. மறுநாள் சாயங்காலம் நின்றுபோயிற்று. அப்படியென்றால், மறுநாள் பகலில் என்ன நடந்தது?

அன்றைக்கு அவளுக்கு வார விடுமுறை. கணவன் கடைக்குப் போய்விட்டான். மாமனார் காதில் கருவியோடு கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அதே கூடத்தில், தரையில் காலை நீட்டி, துவைத்த துணிகளை மடித்தபடி அக்காவிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். லீவுக்குப் பிள்ளைகளோடு வந்து தங்கட்டுமா என்று அக்கா கேட்டாள்.

அவள் சொன்ன பதில் அப்படியே நினைவில் இருந்தது. அன்று அது அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள் என்பதற்காக இரண்டு முறை சொன்னாள்.

"இடம் ஏது? இருக்கற ஒரு ரூமையும் பெருசு புடிச்சு வெச்சிருக்கு. காது போச்சு, பல்லு போச்சு, ஆளு மட்டும் போகல."

வாய்க்குப் பழக்கம். அவர் செவிடு என்று பழகிப்போன வாய். கருவி மாட்டிவிட்ட சேதி மூளைக்குத் தெரியும், நாக்குக்கு யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். காதின் நுனியிலிருந்து கழுத்து வரை தீப்பிடித்தாற்போல் இருந்தது. அது ஒன்றோடு போயிற்றா? தினமும் காலையில் அவர் காதில் மாட்டிவிட்டவள் அவளேதான். கேட்கிற காதை மாட்டிவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து எவ்வளவு பேசியிருக்கிறாள்? தாய்மாமன் மளிகைக்காரர். வேறு என்னென்னவோ. எல்லாவற்றையும் அவர் மலர்ந்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, போதும்மா என்றிருக்கிறார். உதவி மையத்திடம் தழுதழுத்ததையும் கேட்டிருக்கிறார். நாலு நல்ல வார்த்தை. அதன்பின் அவள் கண்ணடித்ததையும் பார்த்திருக்கிறார்.

கட்டைவிரல் அனுப்பு என்ற இடத்துக்கு மேலே நின்றது. அனுப்பினால் இது தேறிவிடும், அவளுக்குத் தெரியும். அந்தக் கடையில் உட்கார்ந்து பார்க்கிறவர் விளக்கைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், கடைசி நொடியின் கண்ணைப் பார்க்க மாட்டார். பணம் வந்துவிடும். கருவி போய்விடும். அவர் மறுபடி பேப்பரோடு, அவள் மறுபடி அடுக்களையோடு. கேட்டதாக அவரும் சொல்லப்போவதில்லை, சொன்னதாக அவளும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நினைத்தபோதே அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததே, அதை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

அன்று பிற்பகல் வந்த வீடியோக்கள் எதையும் அவளால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. வரிசையாகப் பச்சையை அமுக்கினாள். இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று காட்டியவரின் சட்டையில் மடிப்பு கத்திபோல நின்றது, அதற்கும் பச்சை. டீம் லீடர் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

படியேறும்போதே டிவியின் முழக்கம் கேட்டது. கதவைத் திறந்தாள். மாமனார் நாற்காலியில் இருந்தார். காதில் கருவி. அந்தச் சத்தத்தை அந்தக் கருவியோடு கேட்பதென்றால் மண்டைக்குள் பறை அடிப்பதுபோல இருக்கும். சத்தம் குறைந்தால் கீழ்வீட்டிலிருந்து சேதி வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

அவள் போய் டிவியை அணைத்தாள். எதிரே உட்காரத் தைரியம் வரவில்லை. காலையில் கூப்பிட்ட அதே இடத்தில், நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தனக்கே பாதி கேட்கிற குரலில் பேசினாள்.

"அக்காகிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா."

பின்மண்டை அசையவில்லை. காது மடலுக்குப் பின்னால் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கொஞ்சம் பொறுத்து அவர் வழக்கமான ஊர்க்குரலில், "என்னம்மா, வந்துட்டியா? இது ஒண்ணும் கேக்கல, அனுப்பிட்டியா?" என்றார்.

தப்பித்துப் போக வழி விட்டார். அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கேக்குது மாமா. பால் பொங்கும்னு சொன்னப்போ எழப் பாத்தீங்க. வீடியோல இருக்கு."

மாமனார் திரும்பாமலே பேசினார். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. அவ்வளவு தணிந்த குரல் அவரிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"திருப்பிக் கொடுத்துடும்மா. எனக்கு வேணாம்."

"மாமா…"

"காது கேக்காதப்போ, நீ என்கிட்ட எப்ப பேசினாலும் சிரிச்சுக்கிட்டேதான் பேசுவ. சோறு போடறப்போகூட. நீ என்ன சொல்றன்னு தெரியாது. ஆனா நம்ம மருமக நம்மகிட்ட மட்டும் எப்பவும் சிரிச்ச முகமா இருக்கான்னு நினைச்சுக்குவேன். நல்லா இருந்துச்சு. அதை ஏன் கெடுத்துக்கணும்?"

மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த வாயால் சொன்னால் அதையும் அவர் எதில் சேர்ப்பார் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கணவன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, வீடியோ போயிற்றா, இன்றைக்குத்தானே கடைசி என்றான்.

"இல்ல. மெஷின் நல்லாத்தான் இருக்கு. மாமாவுக்கு முதல் நாள்ல இருந்தே கேக்குது. நான் அக்காகிட்ட அவரைப் பத்தி அசிங்கமாப் பேசினதைக் கேட்டிருக்கார். அதான் வேணாங்கறார்."

என்ன பேசினாய் என்று அவன் கேட்டான். ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள், மாமனாரின் முன்னால், மூன்றாவது முறையாக. முதல் இரண்டு முறை வந்த சிரிப்பை நினைத்தாள்.

கணவன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு, பல வருஷப் பழக்கத்தில், குரலைத் தாழ்த்தக்கூடத் தோன்றாமல் அவளிடம் கேட்டான். "அப்ப நாம பேசினது எல்லாமே கிழவனுக்குக் கேட்டுச்சா?"

"இப்பவும் கேக்குதுடா" என்றார் மாமனார்.

கணவன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, எதையோ மறந்துவிட்டேன் என்று கடைக்கே போய்விட்டான். மாமனார் கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளிவிட்டுத் தன் அறைக்குள் போனார். கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பவர் அன்று சாத்திக்கொண்டார்.

அவள் வீடியோவை அனுப்பவில்லை. கெடு முடிந்து, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று மறுநாள் காலையில் ஃபோனில் சேதி வந்தது. அதை மாமனாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, ஏன் அனுப்பவில்லை என்று கத்தினார். பொய் சொல்லி அனுப்ப வேண்டும் மாமா என்று அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

"ஊரே உனக்குப் பொய் அனுப்புது. பதிலுக்கு நீ ஒண்ணு அனுப்பினா குறைஞ்சா போயிடுவ?" என்றார். கோபமா தமாஷா என்று தெரியவில்லை.

பெட்டி சில நாள் மேஜைமேலேயே கிடந்தது. அவள் துடைக்கும்போது எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. ஒரு காலை, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, காசு கொடுத்து வாங்கியதை எறும்புக்கா போடுவது என்று முணுமுணுத்தபடி அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. சண்டை ஒன்றுமில்லை. அவர் எதிரில் என்ன பேசுவது என்றே இருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அவரோடு பேசியதில்லை. உப்பு வேண்டுமா, வேண்டாம். வெந்நீர் வைக்கட்டுமா, சரி. கணவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பதுபோல வீட்டுக்குள் நடந்தான். அவள் பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல் வைத்தாள். வீடு இப்படி அடங்கிக் கிடப்பதைப் பார்த்துத் தையல்காரம்மா, ஊருக்குப் போய்விட்டீர்களோ என்று நினைத்தேன் என்றாள்.

விடுமுறை நாள் ஒன்றில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் டம்ளரை வைத்துவிட்டு, காதில் இருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

"இதைப் போட்டாலும் ஒண்ணுதான், கழட்டினாலும் ஒண்ணுதான் போல. மறுபடி ரிப்பேரா என்ன?"

கணவன் டம்ளருக்குள் பார்த்தான். அவள் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து, அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, சும்மா இருந்த முகத்தோடே கேட்டாள்.

"அந்த ஜெனரேட்டர் ரூம்ல நாள் பூரா என்ன மாமா பண்ணுவீங்க?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரைப் பற்றி அவரிடமே அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் அவளையே பார்த்தார். கண், உதடு, கை என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தார். எதையோ தேடுகிறவர்போல இருந்தது.

"கிண்டலா?" என்றார்.

"இல்ல மாமா."

அவர் உடனே நம்பிவிடவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார், வைத்தார், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையைக் கீழே போடாமல் உட்கார்ந்திருந்தாள்.